சரிபார்ப்பவர்

லக்ஷ்மி பூஜையன்று காலை பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் திரையின் மூலையில் சிவப்புக் கட்டம் எழும்பியது. பாதுகாப்புக் காலம் முடிந்துவிட்டது, உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது என்றது. ஜலஜா அதை மூடினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது.

"ஏன்னா, வாங்கோ. இன்னிக்கு இதை ஒரு வழி பண்ணிடலாம்."

சுந்தரேசன் பால்கனியில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். கழுத்தில் கட்டியிருந்த வெள்ளைத் துணியைச் சரிசெய்துகொண்டார். மேஜைமேல் குனிந்து மௌஸை நகர்த்தினார். திரையில் பச்சைப் பித்தான்கள் வரிசையாக இருந்தன. ஒன்றை அழுத்தினார்.

"வந்துட்டேன், வந்துட்டேன். பறக்காதே" என்றது ஸ்பீக்கர்.

அது அவருடைய குரல்தான். போன வருஷம் புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்துத் துணிக்குப் பின்னால் இருக்கும் துளை வழியாகத்தான் மூச்சு. தொண்டையில் வைத்துப் பேசும் கருவி ஒன்று கொடுத்தார்கள். தகர டப்பாவுக்குள் ஈ பறப்பது போல இருந்தது. ஒரே நாள் வைத்துப் பார்த்தார். பிறகு அதை அலமாரியில் போட்டுவிட்டார்.

ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் மகள் சுப்ரியா லீவு போட்டுவிட்டு வந்தாள். துணி அலமாரியைத் திறந்து வைத்து அதன் முன்னால் அப்பாவை உட்கார வைத்தாள். துணி இருந்தால் எதிரொலிக்காது என்றாள். நாள் முழுக்கப் பேசச் சொன்னாள். காப்பி கேட்பது, ஃபேனைக் குறைக்கச் சொல்வது, சலித்துக்கொள்வது, சிரிப்பது. அவர் அலுத்துக்கொண்டதையும் பதிவு செய்தாள். சால்ட் லேக் சாஃப்ட்வேர் ஆபீஸில் அவள் பார்ப்பது இந்த மாதிரி வேலைதான். தனித்தனியாக வைத்தால் அப்பா எதையாவது எங்கேயாவது இழுத்துப் போட்டுவிடுவார் என்று எல்லாவற்றையும் ஒரே புரோகிராமுக்குள் கட்டினாள். கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று. இன்டர்நெட்டில் ஒரு பிரதி போட்டு வைக்கிறேன் என்றாள். சுந்தரேசன் கூடாது என்றுவிட்டார். குரலைத் திருடி அதை வைத்துப் பேங்கில் ஏமாற்றுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். முப்பது வருஷம் பேங்கில் இருந்தவர்.

சிரிப்புப் பித்தானை அவர் அதிகம் தொடுவதில்லை. 'ஜலஜா' என்று மட்டும் ஒரு பித்தான் இருந்தது. அதைத்தான் அடிக்கடி அழுத்துவார். சமையலறையில் இருந்தால் அவளுக்குக் கேட்கும். கேட்டதும் அவள் "என்ன?" என்பாள். அப்புறம்தான் அவளுக்கு நினைவு வரும்.

கடைசி வரிசைப் பித்தான்கள் மாதங்கிக்கு. மாதங்கி அவருடைய அக்கா. மாயவரத்தில் தனியாக இருக்கிறாள். அவள் கணவர் இதே வியாதியில், இதே ஆபரேஷனுக்குப் பிறகு போனார். இரண்டு வருஷம் அவள்தான் பார்த்துக்கொண்டாள். சுந்தரேசனை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் ஜலஜாவிடம் சொன்னது ஒன்றுதான்.

"அக்காவுக்கு மட்டும் தெரியவேண்டாம்."

அதன் பிறகு அவர் வாயால் எதுவும் சொல்லவில்லை.

திங்கட்கிழமைதோறும் சாயங்காலம் மாதங்கி கூப்பிடுவாள். பேசுவது முழுக்க அவள்தான். தம்பி பேச வேண்டியது கொஞ்சம். 'சொல்லு அக்கா.' 'அப்படியா.' 'நீ மருந்து சாப்ட்டியா?' 'அவா கெடக்கா, விடு.' போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துவிட்டு, எந்த இடத்தில் எதை அழுத்துவது என்று சுந்தரேசனுக்குப் பழகிவிட்டது. மூச்சு இழுக்கும் சத்தம் போனில் போகாதபடி நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்வார். ஒரு வருஷமாக மாதங்கிக்குச் சந்தேகம் வரவில்லை. தம்பி முன்னைக்கு இப்போது நிதானமாகப் பேசுகிறான் என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள்.

இன்று திங்கட்கிழமை.

ஜலஜா அலமாரியிலிருந்து புது ஆன்டிவைரஸ் பெட்டியை எடுத்தாள். மஹாலயாவுக்கு முன்னாலேயே சாந்தினி மார்க்கெட்டில் வாங்கியது. கடைக்காரர் முகமது இஸ்மாயில் பொறுமையாகச் சொல்லி அனுப்பியிருந்தார். முதலில் பழசை எடுங்கள் மாஷிமா, அப்புறம் புதுசு, அப்புறம் அப்டேட், அப்புறம் முழு ஸ்கேன். பென் டிரைவையும் சொருகிப் பாருங்கள், வியாதி வருவதே அதிலிருந்துதான். கடைசியில் அதை முழுசாக ஃபார்மட் செய்துவிடுங்கள்.

சுப்ரியாவைக் கேட்கலாம் என்று ஜலஜா நினைத்தாள். ஆபீஸ் நாள். பூஜை லீவு முடிந்து அன்றுதான் போயிருக்கிறாள். தானே செய்துவிடலாம்.

அவளும் பேங்கிலிருந்து ஓய்வு பெற்றவள்தான். அங்கே ஒருவர் பதிவார், இன்னொருவர் சரிபார்த்து அனுமதிப்பார். இரண்டையும் ஒரே ஆள் செய்யக்கூடாது. ஓய்வுக்குப் பிறகு வீட்டிலும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். கரண்டு பில்லானாலும் ரயில் டிக்கெட்டானாலும் ஜலஜா அடிப்பாள். சுந்தரேசன் பார்த்துவிட்டு என்டரைத் தட்டுவார். என்டரை அவள் தொடமாட்டாள். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது கரண்டு பில் கட்டாமலே கிடந்தது.

பழசை எடுத்தார்கள். கம்ப்யூட்டர் அணைந்து திரும்ப வந்தது. அட்டையில் சாம்பல் பட்டையைச் சுரண்டி அடியில் இருந்த எண்ணை ஜலஜா அடித்தாள். சுந்தரேசன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. சைபருக்குப் பதில் ஓ அடித்திருந்தாள். திருத்தினாள். அவர் என்டரைத் தட்டினார்.

அப்டேட் இறங்க ஆரம்பித்தது. நீல நிறக் கோடு மெதுவாக நகர்ந்தது.

எதிர் ஃபிளாட் வங்காளிக்காரி அனுராதா தட்டில் தேங்காய் உருண்டையோடு வந்தாள். வாசலிலிருந்து அவள் வீடுவரை அரிசி மாவுக் கரைசலில் லக்ஷ்மியின் பாதங்கள் போட்டிருந்தாள். மிதிக்காமல் தாண்டி வந்தாள்.

"என்ன ஜலஜாதி, இன்னும் பழசா ஓடிட்டிருந்தது? என் கதை தெரிஞ்சுமா?" என்றாள் வங்காளியில்.

அவள் கதை அந்தக் கட்டிடத்துக்கே தெரியும். போன மாதம் அவள் கம்ப்யூட்டரை யாரோ வைரஸ் அனுப்பிப் பூட்டிவிட்டார்கள். பையன் கல்யாணப் படம் முழுக்கப் போய்விட்டது.

"ஒரு படம் மிஞ்சிச்சு. அதுல நான் கண்ணை மூடிட்டிருக்கேன்" என்றாள். "மருமகள் நிம்மதியா இருக்கா. அந்தப் புடவை அவளுக்குப் பிடிக்கலை."

சுந்தரேசனின் தோள் குலுங்கியது. அவர் சிரிப்பது இப்போது அப்படித்தான். பச்சைப் பித்தான் ஒன்றைத் தேடி அழுத்தினார்.

"சா காபென்?"

அதைக் கேட்டாலே அனுராதா சிரித்துவிடுவாள். டீ சாப்பிடுகிறீர்களா என்பதை மட்டும் வங்காளியில் பதிவு செய்திருந்தார். வங்காளி வேறு என்ன பேசப் போகிறேன் என்று அப்போது சொன்னார்.

"வேண்டாம் தாதா, பூஜைக்கு உபவாசம். ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு தடவையாவது என்னை டீ சாப்பிடச் சொல்லியிருக்கீங்களா? இப்போதான் மரியாதை வந்திருக்கு."

அவள் போனாள். அப்டேட் முடிந்தது. மற்ற எல்லாவற்றையும் மூடச் சொன்னது. ஜலஜா பச்சைப் பித்தான்கள் இருந்த ஜன்னலை மூடினாள். பென் டிரைவைச் சொருகினாள். முழு ஸ்கேன் ஓடத் தொடங்கியது.

சாப்பிட்டு முடித்து வந்தபோது திரை சிவப்பாக இருந்தது. ஒரு பட்டியல். ஒவ்வொரு வரியிலும் வியாதியின் பெயர் பெரிய எழுத்தில். ஃபைல் இருந்த இடம் அடியில் சின்னச் சாம்பல் எழுத்தில், பாதியில் புள்ளி வைத்து அறுந்திருந்தது. பக்கத்தில் ஒரு அம்புக்குறி. அதை அழுத்தினால் முழுசாகத் தெரியும். ஜலஜா அழுத்தவில்லை.

இரண்டு வரிகளில் ஒரே பெயர் இருந்ததைக் கவனித்தாள். ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று பென் டிரைவில்.

"பாத்தேளா? இஸ்மாயில் சொன்னது சரியாப் போச்சு. இதுலேர்ந்துதான் அதுக்கு ஒட்டியிருக்கு."

அடியில் இரண்டு வழி கொடுத்திருந்தது. தனியே பூட்டி வைக்கலாம், அல்லது நிரந்தரமாக அழிக்கலாம்.

"பூட்டி வெச்சு என்ன பண்றது? கள்ள நோட்டை யாராவது ஆத்துல வெச்சுப்பாளா?"

அழிப்பதைத் தேர்ந்தெடுத்தாள். நாற்காலியை நகர்த்தி அவருக்கு இடம் விட்டாள். சுந்தரேசன் சாப்பிட்ட களைப்பில் இருந்தார். கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. அதை ஜலஜா பார்த்தாள். முன்னாடியே படித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். அவர் திரையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

அவர் என்டரைத் தட்டினார்.

பிறகு பென் டிரைவை இஸ்மாயில் சொன்னபடி முழுசாக ஃபார்மட் செய்தார்கள். குரல்தான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே, அப்புறம் ஒரு பிரதி போட்டுக்கொள்ளலாம் என்று ஜலஜா நினைத்தாள். வெகு நேரம் ஓடியது. அதற்கும் அவர்தான் தட்டினார். அது முடிந்ததும் ஜலஜா அதில் போன வாரம் பந்தல்களில் எடுத்த பூஜைப் படங்களை நிரப்பினாள். திரை பச்சையாகிவிட்டது. உங்கள் கம்ப்யூட்டர் பாதுகாப்பாக இருக்கிறது என்றது.

வெயில் சாயும் நேரத்தில் சுந்தரேசன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். திங்கட்கிழமைகளில் அக்கா கூப்பிடுவதற்கு முன்பு ஒரு தடவை ஓட்டிப் பார்த்துக்கொள்வார். ஜலஜா விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள். மேஜையைத் தட்டும் சத்தம் கேட்டது. ஒரு தடவை, பிறகு விடாமல்.

பேர் சொல்லிக் கூப்பிடாமல் எதற்குத் தட்டுகிறார் என்று நினைத்தபடியே வந்தாள்.

திரையில் அந்தப் புரோகிராமுக்காகச் சுப்ரியா வரைந்து வைத்திருந்த பச்சைப் படம் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைக் காகிதப் படம் இருந்தது. அவர் அதை அழுத்திக் காட்டினார். இதற்குரிய ஃபைல் இல்லை என்றது. பென் டிரைவைச் சொருகினார். பூஜைப் படங்கள். தேவியின் முகம், பந்தல் விளக்குகள், கூட்டம்.

ஜலஜா நின்றுகொண்டே சுப்ரியாவைக் கூப்பிட்டாள். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தாள்.

"மீட்டிங்ல இருக்கேன்மா. அப்பா நன்னா இருக்காரா?"

"நன்னா இருக்கார். புது ஆன்டிவைரஸ் போட்டோம். அப்பாவோடது திறக்கலை."

"அவ்ளோதானே. புதுசு அதை வைரஸ்னு நினைச்சுண்டிருக்கும். நான் வீட்ல பண்ணினது இல்லையா, எந்த கம்பெனி பேரும் இல்லை, அதான். குவாரன்டைன்னு இருக்கும் பாரு. அதுலேர்ந்து ரெஸ்டோர் குடு."

"அதுல வைக்கலை. அழிச்சுட்டோம்."

"சரி, பென் டிரைவ்லேர்ந்து காப்பி பண்ணு."

"அதையும்தான்."

"அதையும்னா?"

"அதுலயும் இருந்ததுன்னு காட்டித்து. அழிச்சுட்டு ஃபார்மட் பண்ணினோம். முழுசா."

மறுபக்கத்தில் கதவு ஒன்று திறந்து மூடியது. சுப்ரியா வெளியே வந்திருக்க வேண்டும்.

"பழசுல நான் விலக்கு குடுத்து வெச்சிருந்தேம்மா, அதைத் தொடாதேன்னு. மாத்தறோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"அப்படி ஒண்ணு இருக்குன்னு நீ சொல்லலையேடி."

"சொல்லலை" என்றாள் சுப்ரியா. மறுபடியும், "சொல்லலை. ஆமாம்."

"முதல்ல ரெகார்டு பண்ணினது உங்கிட்ட இருக்குமே?"

"அது பழைய ஆபீஸ் லேப்டாப். வேலை மாறும்போது திருப்பிக் குடுத்தேன். அவா எல்லாத்தையும் துடைச்சிருப்பா."

"போன்ல? அப்பா உனக்கு அனுப்பினது ஏதாவது?"

"அப்பா என்னிக்கும்மா குரல்ல அனுப்பியிருக்கார்? டைப்தான் பண்ணுவார். ஃபுல்ஸ்டாப்பெல்லாம் வெச்சு."



"கம்ப்யூட்டரை அணைச்சுடு. எதையும் தொடாதே. ராத்திரி வந்து பாக்கறேன். மீட்டுக் குடுக்கற ஆள் யாராவது இருப்பா."

"கிடைக்குமா?"

"பாக்கலாம்மா."

ஆஸ்பத்திரியில் டாக்டரும் இதே மாதிரிதான் பார்க்கலாம் என்றார். ஜலஜாவுக்கு அந்தத் தொனி தெரியும். போனை வைத்தாள். கம்ப்யூட்டரை அணைத்தாள்.

சுந்தரேசன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டிருந்தார். மடியில் எழுத்துச் சிலேட்டு இருந்தது. பேனாவால் எழுதலாம், ஒரு பித்தானை அழுத்தினால் எல்லாம் அழிந்துவிடும். வெளியாட்களுக்கு மட்டும் அதில் எழுதுவார். அவளுக்கு எழுதியதில்லை.

எழுதி அவள் பக்கம் திருப்பினார்.

'கள்ள நோட்டைக்கூட நாம கிழிக்க மாட்டோம். முத்திரை போட்டு எடுத்து வெப்போம்.'

அவள் படித்தாள்.

"நீங்க பாக்கலையா?" என்றாள்.

அவர் அழித்துவிட்டு எழுதினார்.

'நீ பாத்திருப்பேன்னு நினைச்சேன்.'

"நான் நீங்க பாப்பேள்னு."

சண்டை போட அதில் வேறு எதுவும் இல்லை. ஜலஜா கீழே உட்கார்ந்தாள். மேஜைக் காலில் சாய்ந்துகொண்டாள். கடைசியாக இந்த வீட்டில் அவர் குரல் என்ன சொன்னது என்று யோசித்தாள். எதிர் ஃபிளாட்டுக்காரியைப் பார்த்து, டீ சாப்பிடுகிறீர்களா.

இருட்டியது. பக்கத்து வீடுகளில் சங்கு ஊத ஆரம்பித்தார்கள். ஒன்று நின்றால் இன்னொன்று. அனுராதாவின் வீட்டிலிருந்து சாம்பிராணிப் புகை வந்தது. ஜலஜா எழுந்து விளக்கேற்றினாள். கை கூப்பவில்லை.

போன் அடித்தது. மாதங்கி.

"நான் எடுத்துப் பேசறேன். நீங்க டாக்டரைப் பாக்கப் போயிருக்கேள், இல்லை, வாக்கிங் போயிருக்கேள்னு சொல்றேன்."

சுந்தரேசன் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். எழுதினார்.

'அடுத்த வாரம்?'

போன் அடித்து நின்றது. உடனே மறுபடி அடித்தது. அவர் சிலேட்டைத் துடைத்துவிட்டு வேறு எழுதினார். நிதானமாக எழுதினார்.

'நீ சொல்லிடு.'

"நானா?" என்றாள் ஜலஜா. "அக்கா ஆத்துக்காரருக்கு ஆனதுக்கப்புறம் உங்களுக்கும்னு நான் எப்படிச் சொல்லுவேன்? ஒரு வருஷமா ஏமாத்தினோம்னு வேற."

அவர் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார். சிலேட்டைப் போனுக்குப் பக்கத்தில் வைத்தார். வழக்கமாகக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் இருக்கும் இடம்.

"சுந்தா? என்னடா, எடுக்க இவ்ளோ நாழி? ஜலஜாவை விரட்டிண்டிருந்தியா?"

சுந்தரேசனின் வலது கை மௌஸ் மேல் இருந்தது. திரை கருப்பாக இருந்தது. ஒரு விரல் மட்டும் அழுத்தியது.

"சரி, கேளு. இந்தப் பாத்திரம் தேய்க்கறவ இன்னிக்கும் வரலை. கேட்டா மழைங்கறா. எங்கடா மழை? நான் மொட்டை மாடில வடாம் காயப்போட்டுட்டு வரேன், அவ மழைங்கறா."

இந்த இடத்தில் 'அவா கெடக்கா, விடு' என்ற பித்தான். மாதங்கி அதற்கு இடம் விட்டாள்.

ஜலஜா வாயைத் திறந்தாள்.  சொல்லவேண்டிய முதல் வார்த்தை அக்கா. அதைச் சொல்லிவிட்டால் மீதி வந்துவிடும் என்று தோன்றியது. சுந்தரேசன் சிலேட்டை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் சிலேட்டைப் பார்த்தாள்.

"சுந்தா? லைன்ல இருக்கியோன்னோ?"

வெளியே சங்கு நின்றிருந்தது. இன்று அவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்ள மறந்துவிட்டார். போனுக்கு நேராகக் குனிந்திருந்தார். கழுத்துத் துணி உள்ளே போய் வெளியே வந்தது. ஈரமான மூச்சு. இழுத்து, நின்று, விட்டு. ஜலஜாவுக்கு அந்தச் சத்தம் கேட்டுக் கேட்டு இப்போது கேட்பதே இல்லை. இன்று கேட்டது.

 மாயவரத்தில் ஏதோ ஒரு குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. மாதங்கி கேட்டுக்கொண்டிருந்தாள்.

சுந்தரேசன் சட்டென்று கையால் துளையை மூடினார். மூச்சு முட்டியது. கையை எடுத்தார். சத்தம் முன்னைவிடப் பெரிதாக வந்தது.

"ஜலஜா" என்றாள் மாதங்கி. குரல் தணிந்திருந்தது. "நீ அங்கதானே நின்னுண்டிருக்கே. இந்த மூச்சை நான் ரெண்டு வருஷம் பக்கத்துல படுத்துக் கேட்டிருக்கேன். அவனுக்கும் கழுத்துல ஓட்டை போட்டுட்டாளா?"